டைக்கோ பிராஹேயின் ஹ்வென் தீவு: மேலே வானம், கீழே உலை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே ஓடும் குறுகிய கடலில் ஹ்வென் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. 1576 முதல் 1597 வரை டைக்கோ பிராஹே என்ற டேனிஷ் பிரபு அங்கே மாளிகை கட்டி, சீடர்களை வைத்துக்கொண்டு, வானத்தையும் ரசவாதத்தையும் ஒன்றாக ஆராய்ந்தார். பாடப்புத்தகத்தில் அவர் பெயர் வானியலோடு மட்டும்தான் வரும். அடித்தளத்தில் எரிந்த உலைகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அந்தப் பாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வீடு புரியும். இந்தப் பக்கம் அதற்காகத்தான்.

இது ஒரு மடாலயமா?

சட்டப்படி இல்லை. துறவு, சபதம், ஜெபநேரம் எதுவும் அங்கே கிடையாது. டைக்கோவுக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். டென்மார்க் 1536இலேயே லுத்தரன் நாடாகிவிட்டதால் மடாலயங்கள் அரசர் கைக்குப் போய்விட்டன.

ஆனாலும் மடாலயத்தோடு இந்தக் கதைக்கு நேரடித் தொடர்பு உண்டு. தெற்கு ஸ்வீடனில், அன்றைய டென்மார்க்கில், ஹெர்ரெவாட் என்று ஒரு பழைய சிஸ்டர்சியன் மடாலயம் இருந்தது. 1144இல் தொடங்கியது. அது கலைக்கப்பட்ட பிறகு டைக்கோவின் தாய்மாமன் ஸ்டேன் பில்லேயின் பொறுப்புக்கு வந்தது. துறவிகள் போன இடத்தில் மாமனும் மருமகனும் ரசவாதக் கூடம் போட்டார்கள். 1572 நவம்பர் 11 மாலை அந்தக் கூடத்திலிருந்து திரும்பி வரும்போதுதான் தலைக்கு மேல், காசியோப்பியா கூட்டத்தில், முன்பு இல்லாத ஒரு நட்சத்திரம் சுடர்விடுவதை டைக்கோ பார்த்தார். தன் கண்ணை நம்பாமல் கூட வந்தவர்களையும் வழியில் போனவர்களையும் கூப்பிட்டுக் காட்டிக் கேட்டாராம். நட்சத்திரங்கள் மாறாதவை என்று அரிஸ்டாட்டில் காலம் தொட்டு நம்பிய உலகத்துக்கு அது பெரிய அதிர்ச்சி. ஒரு மனிதர் உலையை விட்டு எழுந்து வந்து வானத்தைப் பார்த்த அந்த மாலையிலேயே ஹ்வென் தொடங்கிவிட்டது என்பேன்.

இன்னொன்றும் உண்டு. ரோஸ்கில்ட் பேராலயத்தைச் சேர்ந்த வருமானத்தில் ஒரு பங்கை அரசர் பின்னாளில் டைக்கோவுக்குக் கொடுத்தார். ஒரு காலத்தில் பூசைக்கும் ஜெபத்துக்கும் போன காசு, கருவிகளுக்கும் கரிக்கும் போனது.

ஏன் தீவு? அவ்வளவு ஒதுக்குப்புறமா அது?

வரைபடத்தில் ஒதுக்குப்புறம் இல்லை. பரப்பளவு சுமார் 7.5 சதுர கிலோமீட்டர். இரண்டு கரையும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் சுற்றிலும் செங்குத்தான மண் பாறைகள். படகில்லாமல் யாரும் வர முடியாது. தொல்லையில்லாமல் வேலை பார்க்க நினைக்கும் ஒருவருக்கு அது போதும்.

டைக்கோ ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக்குக் குடிபோக யோசித்துக்கொண்டிருந்தார். அரண்மனை உத்தியோகமும் வேட்டையும் விருந்தும் அவருக்குப் பிடிக்கவில்லை. விஷயம் அரசர் இரண்டாம் ஃபிரடெரிக்கின் காதுக்குப் போனது. இவ்வளவு கெட்டிக்காரனை வெளிநாட்டுக்கு விடுவதா என்று அவர் ஹ்வென் தீவை ஆயுள் முழுவதும் அனுபவிக்க எழுதிக் கொடுத்தார். 1576 மே 23 தேதியிட்ட சாசனம் அது. டைக்கோவுக்கு அப்போது 29 வயது.

நாள் நட்சத்திரம் பார்த்துத்தான் கட்டினாரா?

ஆமாம். நம் ஊரில் முகூர்த்தம் குறிப்பதற்குக் கொஞ்சமும் குறையாது. 1576 ஆகஸ்ட் 8 விடியற்காலை, மக நட்சத்திரத்துக்கு அருகே நின்ற வியாழன் சூரியனோடு சேர்ந்து உதிக்கும் வேளையில், சந்திரன் கும்பத்தில் மறையும் நேரத்தில், அடிக்கல் வைக்கப்பட்டது. கல்லை வைத்தவர் டென்மார்க்கில் இருந்த பிரெஞ்சுத் தூதர். திராட்சை மதுவை ஊற்றி வேண்டிக்கொண்டார்கள்.

வானியல் தேவதையான உரானியாவின் பெயரால் அந்த மாளிகைக்கு உரானிபோர்க் என்று பெயர். சுற்றுமதிலின் நான்கு மூலைகள் சரியாக நான்கு திசைகளைப் பார்த்தன. நடுவில் மாளிகை, சுற்றிலும் பூந்தோட்டமும் மூலிகைத் தோட்டமும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே அமைப்பு. அந்த ஒழுங்கு வெறும் அழகுக்காக இல்லை. பிரபஞ்சத்தில் இருக்கும் ஒழுங்கு அதற்குள் வாழும் வீட்டிலும் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை அது.

வீட்டுக்குள் என்ன இருந்தது?

இதற்கு டைக்கோவே ஒரு படம் விட்டுப் போயிருக்கிறார். சுவரில் பதித்த, கிட்டத்தட்ட 2 மீட்டர் ஆரமுள்ள பெரிய பித்தளைக் கால்வட்டம் ஒன்று, நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் கருவி, உரானிபோர்க்கில் இருந்தது. அந்த வளைவுக்குள் இருந்த வெற்றுச் சுவரில் டைக்கோ கைநீட்டி உட்கார்ந்திருப்பது போல ஓவியம் தீட்டச் செய்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வீட்டை நெடுக்காக வெட்டிக் காட்டியது போல மூன்று தளங்கள். மேல்தளத்தில் உதவியாளர்கள் நட்சத்திரம் பார்க்கிறார்கள். நடுத்தளத்தில் நூலகம், பெரிய பித்தளைக் கோளம், மேசையில் குனிந்து கணக்குப் போடும் இளைஞர்கள். கீழ்த்தளத்தில் உலைகள். காலடியில் ஒரு நாய் படுத்திருக்கிறது.

அந்தக் கீழ்த்தளம் தெற்குக் கோபுரத்தின் அடியில் இருந்தது. வடக்குக் கோபுரத்தின் அடியில் சமையலறை. ஒரு பக்கம் சாப்பாட்டு அடுப்பு, மறுபக்கம் ரசவாத அடுப்பு. ரசவாதக் கூடத்தில் 16 உலைகள். மணலில் புதைத்துச் சூடேற்ற, வாலையில் வடிக்க, உலோகம் உருக்க என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வகை.

நடுத்தளத்துக் கோளத்தின் குறுக்களவு சுமார் 1.5 மீட்டர். மரத்தால் செய்து பித்தளைத் தகடு போர்த்தியது. தான் அளந்து உறுதிசெய்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அதில் பொறித்துக்கொண்டே போனார். எத்தனையோ ஊர் சுற்றிக் கடைசியில் கோபன்ஹேகன் வந்து சேர்ந்த அந்தக் கோளம், 1728இல் அந்த நகரம் எரிந்தபோது அழிந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

காற்றில் மாளிகை அதிர்ந்து அளவு பிசகுகிறது என்று தெரிந்ததும், 1584இல் பக்கத்திலேயே தரைக்கடியில் ஸ்டியெர்னெபோர்க் என்ற இரண்டாவது ஆய்வுக்கூடத்தைக் கட்டினார். நிலத்தைத் தோண்டி, கருவிகளைக் குழிகளுக்குள் நிறுத்தி, மேலே திறந்து மூடும் கூரை போட்டார்கள்.

ரசவாதம் என்றால் தங்கம் செய்கிற வேலைதானே?

பலருக்கு அப்படித்தான். டைக்கோவுக்கு அது முதன்மையாக மருந்து. பாரசெல்சுஸ் என்ற மருத்துவரின் வழி வந்த சிந்தனை அது. கனிமங்களையும் மூலிகைகளையும் நெருப்பில் பிரித்து, அவற்றின் சாரத்தை எடுத்து, நோய்க்குக் கொடுப்பது.

இந்த வேலைக்கு அவர் வைத்த பெயர் ‘பூமியின் வானியல்’. வானத்தில் ஏழு கிரகம், பூமிக்குள் ஏழு உலோகம், உடம்புக்குள் ஏழு உறுப்பு. சூரியனுக்குத் தங்கம், சந்திரனுக்கு வெள்ளி, செவ்வாய்க்கு இரும்பு, சுக்கிரனுக்குச் செம்பு, வியாழனுக்கு வெள்ளீயம், சனிக்கு ஈயம், புதனுக்குப் பாதரசம். ஒன்றைப் படித்தால் மற்றொன்று புரியும் என்று அவர் மனதார நம்பினார். அவருடைய நூல்களில் ஒரு ஜோடி முத்திரைப் படங்கள் வரும். ஒன்றில் கோளத்தின் மேல் கை ஊன்றி மேலே பார்க்கும் உருவம்: “மேலே நோக்கிக் கீழே காண்கிறேன்.” மற்றதில் மூலிகையும் பாம்பும் குடுவையுமாகக் கீழே பார்க்கும் உருவம்: “கீழே நோக்கி மேலே காண்கிறேன்.”

அவர் மருந்துகள் பெயர் பெற்றவை. புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ரூடால்ஃபுக்குக் கொள்ளைநோய் மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கு அடிப்படை தெரியாகா என்ற பழைய கூட்டு மருந்து. அதில் மட்டும் அறுபது வரை சரக்குகள் சேரும், பாம்பு இறைச்சியும் அபினும் உட்பட. அதோடு துத்தமும் அன்னபேதியும் போன்ற உப்புகளைச் சேர்த்தார்.

சோதிடத்தை அவர் நம்பினாரா?

நம்பினார், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. அரசருக்கு மூன்று மகன்கள் பிறந்தபோதும் சாதகம் கணித்துக் கொடுத்தவர் அவர்தான். அது அவருடைய கடமைகளில் ஒன்று. ஆனால் கிரகம் எங்கே நிற்கிறது என்பதையே அன்றைய அட்டவணைகள் தப்பாகச் சொல்லின. இடமே தப்பு என்றால் பலன் எப்படிச் சரியாகும்? அவருடைய துல்லிய வெறிக்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

கிரகங்கள் வானிலையை மாற்றுகின்றனவா என்று சோதிக்கவும் செய்தார். 1582இலிருந்து தீவை விட்டுப் போகும் வரை, ஒவ்வொரு நாளும் காற்று, மழை, பனி, மேகம் பற்றி உதவியாளர்கள் குறிப்பு எழுதினார்கள். பதினைந்து வருஷக் குறிப்பு. சோதிடத்துக்காகத் தொடங்கிய அந்த நாட்குறிப்பை இன்று அந்தக் காலத் தட்பவெப்பத்தை அறிய ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள்.

அங்கே யாரெல்லாம் தங்கியிருந்தார்கள்?

மாணவர்கள், கருவி செய்பவர்கள், அச்சுக்கோப்பவர்கள், வேலைக்காரர்கள். மாளிகையின் உச்சியில் கூரைக்கு அடியில் உதவியாளர்களுக்கு எட்டுச் சிற்றறைகள். இரவெல்லாம் நட்சத்திரம் அளப்பார்கள், பகலில் கணக்குப் போடுவார்கள். சாப்பாடு டைக்கோவின் மேசையில். லோங்கோமொன்டானுஸ் என்ற உழவர் வீட்டுப் பையன் எட்டு வருஷம் அங்கே இருந்து, பிறகு கோபன்ஹேகனில் பேராசிரியரானார்.

தீவுக்குள்ளேயே அச்சகம் வைத்திருந்தார்கள். காகிதம் கிடைக்கவில்லை என்றதும் காகித ஆலையும் கட்டினார்கள். 1590இல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறைவான மணி ஒன்றும் உண்டு. உதவியாளர்களின் அறைகளுக்குக் கம்பி இழுத்துச் சின்ன மணிகளைக் கட்டியிருந்தார். விருந்தாளிகள் எதிரே டைக்கோ ஒருவர் பெயரை மெல்ல முணுமுணுப்பார். கை மட்டும் யாருக்கும் தெரியாமல் விசையைத் தட்டும். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் மாடியிலிருந்து இறங்கி வந்து நிற்பார். வந்தவர்கள் மந்திரமோ என்று திகைத்துப்போவார்களாம்.

பெண்களுக்கு இடம் இருந்ததா?

ஒரு பெயரை அவசியம் சொல்ல வேண்டும்: சோஃபி பிராஹே, டைக்கோவின் தங்கை. சிறுமியாக இருந்தபோதே, 1573 டிசம்பர் சந்திர கிரகணத்தை அண்ணனோடு சேர்ந்து கவனித்தவர். ஹ்வெனுக்கு அடிக்கடி வந்து தங்குவார். தோட்டக்கலை, ரசவாத மருந்து, சாதகக் கணிதம் எல்லாம் கைவந்தவர். பெண் என்பதால் சோதிடத்தின் கடினப் பகுதிகளுக்குள் போக வேண்டாம் என்று முதலில் தடுத்தவர் டைக்கோதான். தங்கை கேட்கவில்லை. தானே லத்தீன் நூல்களை மொழிபெயர்க்கச் செய்து படித்துக்கொண்டார். அண்ணன் பின்னர் அதைப் பெருமையாக எழுதினார்.

கணவர் இறந்த பிறகு அவர் மணம் பேசிக்கொண்ட எரிக் லாங்கே, தங்கம் செய்கிறேன் என்று சொத்தையெல்லாம் உலையில் போட்டுக் கடன்காரராகி நாடு நாடாக ஓடியவர். தங்க ஆசை என்ன செய்யும் என்று டைக்கோ தன் குடும்பத்திலேயே பார்த்தார்.

ரசவாதத்தை ஏன் மறைத்து வைத்தார்?

வானியலைப் பொறுத்தவரை அவர் ஓரளவு திறந்த மனம். 1598இல் வெளியிட்ட நூலில் தன் கருவிகள் ஒவ்வொன்றையும் படம் போட்டு, எப்படிச் செய்தேன், எங்கே தவறு வரும் என்றெல்லாம் எழுதினார். அதே நூலில் ரசவாதம் பற்றி வரும்போது வாயை மூடிக்கொள்கிறார். இதற்கு நிறைய உழைப்பும் பணமும் செலவழித்தேன், விஷயம் தெரிந்த பிரபுக்களோடும் அறிஞர்களோடும், ரகசியம் காப்பார்கள் என்று உறுதியானால் பேசுவேன், ஊரறியச் சொல்வதால் பயனில்லை என்பதுதான் சாரம். தவறான கையில் போனால் ஏமாற்று வேலையும் ஆபத்தும்தான் விளையும் என்ற எண்ணம் ரசவாதிகளிடம் பொதுவாகவே இருந்தது.

ஒரு பழைய காயமும் இருந்தது. 1584இல் எரிக் லாங்கேயோடு நிக்கோலஸ் ரெய்மர்ஸ் என்பவர் ஹ்வெனுக்கு வந்தார். ஊர்சுஸ் என்று தன்னை அழைத்துக்கொண்டவர். நான்கு வருஷம் கழித்து அவர் வெளியிட்ட உலக அமைப்பு டைக்கோவின் அமைப்பைப் பெரிதும் ஒத்திருந்தது: மற்ற கிரகங்கள் சூரியனைச் சுற்றும், சூரியன் பூமியைச் சுற்றும். என் தாள்களைத் திருடிப் பார்த்துவிட்டான் என்று டைக்கோ சாகும் வரை குமுறினார்.

என் எண்ணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டில், ஒரே கையால், ஒரே கவனத்தோடு இரண்டு வேலை நடந்தது. மாடியில் நடந்ததை எழுதிவைத்தார்கள், எண் எண்ணாக. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர்கள் ஏறினார்கள். அடித்தளத்தில் நடந்ததற்குச் சில மருந்துக் குறிப்புகள் தவிர எதுவும் மிஞ்சவில்லை. உலை வேலை மட்டமானது என்பதால் அது தொலையவில்லை. சொல்லாமல் வைத்ததால் தொலைந்தது.

அடித்தளத்தில் என்ன செய்தார் என்பது அப்படியானால் தெரியவே தெரியாதா?

கொஞ்சம் தெரிந்திருக்கிறது. 1988 முதல் 1990 வரை தோட்டப் பகுதியைத் தோண்டியபோது, ரசவாதக் கூடத்தின் பாத்திரங்களாக இருக்கக்கூடிய சில உடைசல்கள் கிடைத்தன. நான்கு கண்ணாடித் துண்டுகளும் ஒரு மண்பாண்டத் துண்டும். 2024இல் டேனிஷ் ஆய்வாளர்கள் இவற்றின் குறுக்குவெட்டைச் சோதித்த முடிவுகள் வந்தன. துண்டுகளின் மேற்பரப்பில் நிக்கல், செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், அஞ்சனக்கல், டங்ஸ்டன், தங்கம், பாதரசம், ஈயம் ஆகியவை வழக்கத்துக்கு மேல் படிந்திருந்தன.

தங்கமும் பாதரசமும் எதிர்பார்த்தவை. இரண்டும் அன்றைய மருந்துச் சரக்குகள். டங்ஸ்டன்தான் வியப்பு. அப்படி ஒரு தனிமம் உண்டென்று வேதியியலாளர்கள் கண்டறிந்ததே 1780களில். அதற்கு இருநூறு வருஷம் முன்னால் ஹ்வென் உலையில் அது எப்படி வந்தது? வேறு கனிமத்தோடு ஒட்டி வந்திருக்கலாம். ஜெர்மன் சுரங்கக்காரர்கள் சொன்ன ஒரு விசித்திரக் கனிமத்தை டைக்கோ வேண்டுமென்றே எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆய்வாளர்கள் இரண்டு வாய்ப்பையும் திறந்தே விட்டிருக்கிறார்கள்.

தீவு மக்கள் என்ன ஆனார்கள்?

இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். டைக்கோ வருவதற்கு முன் அங்கே டூனா என்ற கிராமமும் நாற்பது பண்ணைக் குடும்பங்கள் போலவும் இருந்தன. பொதுநிலம், அவரவர் உழவு, தங்கள் பாட்டுக்கு வாழ்ந்தவர்கள். திடீரென்று ஒரு பிரபு வந்து, ஒவ்வொரு பண்ணையும் வாரம் இரண்டு நாள், விடியலிலிருந்து பொழுது சாயும் வரை கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்றார். அகழி வெட்டியது, மண் சுமந்தது, மீன்குளங்களுக்கும் ஆலைக்கும் அணை கட்டியது எல்லாம் அவர்கள்தான். சிலர் தீவை விட்டு ஓடப் பார்த்தார்கள். யாரும் போகக்கூடாது என்று அரசாணை வந்தது. முறையிட்டார்கள், பெரிதாக எதுவும் மாறவில்லை. உரானிபோர்க்கின் பெருமையைப் பேசும்போதெல்லாம் இந்த உழைப்பும் கணக்கில் சேர வேண்டும்.

அவ்வளவு கட்டியவர் ஏன் விட்டுப் போனார்?

காத்த அரசர் 1588இல் இறந்தார். மகன் நான்காம் கிறிஸ்டியன் 1596இல் முடிசூடினார். சலுகைகள் ஒவ்வொன்றாகப் போயின. டைக்கோ மேலும் தப்பு இருந்தது. ரோஸ்கில்டில் அரசரின் தந்தையும் தாத்தாவும் அடக்கமாகியிருந்த சிற்றாலயத்தைப் பராமரிக்கும் கடமை அவருடையது. அதன் கூரை பாழாகிக் கிடந்தது. குடியானவர்களின் புகாரும் மேலே போனது. ஞானஸ்நானத்தில் பேயோட்டும் வாசகத்தை விட்டுவிட்டார் என்று தீவின் பாதிரியார் மீதே விசாரணை வந்தது. மனைவி கிர்ஸ்டன் பிரபு குலத்தவர் இல்லை என்பதால் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை கிடையாது என்ற கவலை வேறு. 1597 வசந்தத்தில் கருவிகள், அச்சு இயந்திரம், குடும்பம் எல்லாவற்றோடும் கிளம்பினார். 1599இல் பிராகா நகரில் ரூடால்ஃபிடம் சேர்ந்தார்.

விஷம் வைத்துக் கொன்றார்கள் என்கிறார்களே?

இல்லை. 1601 அக்டோபரில் ஒரு விருந்துக்குப் பின் சிறுநீர் அடைத்து, பதினோரு நாள் அவதிப்பட்டு, 24ஆம் தேதி இறந்தார். பாதரசம் பற்றிய சந்தேகத்தால் 2010இல் கல்லறையைத் திறந்து சோதித்தார்கள். கொல்லும் அளவு பாதரசம் இல்லை என்பது முடிவு. வாலிபத்தில் வாள் சண்டையில் போன மூக்குக்கு அவர் வைத்திருந்த ஒட்டு தங்கமோ வெள்ளியோ என்று சொல்லி வந்தார்கள். அது பித்தளை என்பதும் அப்போது தெரிந்தது.

இவ்வளவு செய்து கடைசியில் என்ன கிடைத்தது?

1577இல் வந்த வால்நட்சத்திரம் சந்திரனை விட வெகு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து காட்டினார். வானம் கெட்டியான கண்ணாடிக் கோளங்களால் ஆனது என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. தொலைநோக்கி வராத காலத்தில், வெறுங்கண்ணால், அவருடைய நல்ல அளவுகள் ஒரு கலை அளவுக்குத் துல்லியம். ஒரு கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு.

1600இல் பிராகாவுக்கு வந்த ஜெர்மன் வானியலாளர் கெப்ளரிடம் அந்தக் கணக்குகளைக் கூட டைக்கோ சிறுகச் சிறுகத்தான் காட்டினார். முழுவதும் கெப்ளர் கையில் வந்தது டைக்கோ இறந்த பிறகு. செவ்வாயின் பாதையை வட்டமாக வைத்துப் பார்த்தால் கணக்கு 8 கலை உதைத்தது. வேறு யாருடைய அளவாக இருந்தாலும் கெப்ளர் அதைப் பிழை என்று தள்ளியிருப்பார். ஹ்வெனில் எடுத்த அளவு 8 கலை தப்பாது என்று அவருக்குத் தெரியும். அதனால் வட்டத்தைத் தள்ளினார். 1609இல் நீள்வட்டம் வந்தது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

தீவு 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஸ்வீடன் கைக்குப் போய்விட்டது. லாண்ட்ஸ்க்ரூனா துறைமுகத்திலிருந்து படகில் அரை மணி நேரம். ஒரு பழைய தேவாலயத்தில் டைக்கோவுக்கு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். தோட்டத்தின் ஒரு பகுதியை அந்தக் காலச் செடிகளோடு மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள். ஸ்டியெர்னெபோர்க்கின் குழிகளின் மேல் புதிய கூரைகள் நிற்கின்றன.

மாளிகை இல்லை. டைக்கோ போன சில வருஷத்திலேயே இடித்துச் செங்கல்லை வேறு கட்டடத்துக்கு எடுத்துவிட்டார்கள். 1671இல் இந்த இடத்தின் தீர்க்கரேகையைச் சரியாக அளக்கப் பிரெஞ்சு வானியலாளர் பிக்கார் வந்தபோதே தரைமட்டமாகத்தான் கிடந்தது. மதில் இருந்த மண்மேடு சதுரமாகச் சுற்றி வருகிறது. உள்ளே நடந்து போனால், வீடு நின்ற இடத்தில் புல் முளைத்த ஒரு பள்ளம்.